நிமிடக் கூலி

லண்டனில் மாலை ஆறு மணி.
உப்புவெளியில் இரவு பத்தரை.
காதுக்குள் ஒரு கட்சிக்காரர் தொண்டையைச் செருமுகிறார்.
செருமலைத் தட்டச்சக் கூடாது, அது விதி.
'ம்', 'வந்து', திக்கல், பாதியில் விழுங்கிய சொல்
எல்லாம் கழித்து
மனிசனைத் துப்புரவாக்கி அனுப்ப வேண்டும்.

ஒலியின் நிமிடத்துக்கு நாற்பது பென்ஸ்.
பேசாமல் அவர் தண்ணீர் குடித்தாலும்
அதுவும் கணக்கில் சேரும்.
இந்த மாதம் நான் நன்றாக உழைத்தது
ஒரு முன்னாள் அமைச்சரின் தயக்கத்தில்.

'இந்த நாட்டில் இப்போது எதையுமே சொல்ல முடிவதில்லை'
என்கிறார் பதினொரு ஒலிவாங்கிகளுக்கு முன்னால்.
(படமும் அனுப்பியிருந்தார்கள். எண்ணினேன்.)
கைதட்டல்.
ஒரு சொல் தெளிவில்லை, திரும்ப ஓடவிட்டேன்.
எதையுமே சொல்ல முடிவதில்லை.
இன்னொரு தரம்.
எதையுமே.
மூன்று தரம் சொல்லியும்
அவரை ஒருவரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

குறுக்கே ஒருத்தி பாய்கிறாள், எதிர்க்கட்சி:
'உங்கள் சுதந்திரம் என் மகளின் பள்ளி வாசலில் வந்து நின்று
அவள் முக்காட்டைப் பார்த்துக் கத்துகிறது, ஐயா.'
அவளுடைய குரல் நடுங்குகிறது.
நடுக்கத்துக்கும் குறியீடு கிடையாது.
இருவரும் ஒன்றாகக் கத்தினால் மட்டும்
'குறுக்குப் பேச்சு' என்று போடலாம்.

அடுத்த கோப்பு.
ஒருவருக்கும் அறுதிப் பெரும்பான்மை வராவிட்டால்?
தொங்கு நாடாளுமன்றம்.
எந்த முகட்டில் என்று கேட்கிறது என் தமிழ் மனம்.
மஞ்சளோடு சேரலாமா,
பச்சை வெளியே நின்று தாங்குமா,
உள்துறையைக் கொடுத்தால் ரயிலை விடுவார்களா,
நான்கு நிபுணர்கள் ஐம்பத்திரண்டு நிமிடம்.
நடுவில் ஒருமுறை 'ட்ரிங்கோ' என்றதுபோலக் கேட்டது.
நிறுத்திக் கேட்டேன்.
டிராக்டர்.

பாதியைப் பிரித்தெடுத்த ஃபர்ஸானா
கிண்ணியாவிலிருந்து குரல் அனுப்புகிறாள்:
'புள்ள, இது நம்மட சபைக் கததானே?
இங்கிலீசில கேட்டா மரியாதயா இரிக்கி.'

ஓம்.
மேடையில் ஆளுக்காள் தாயை இழுத்தவர்கள்
உவர்மலையில் ஒரு வீட்டுக்குள் போய்க் கதவடைத்து
மூன்றாம் நாள் வெளியே வந்தார்கள்,
ஒரே கடைச் சால்வையோடு.
முதல் இரண்டு வருடம் இவர் தவிசாளர்,
பிந்திய இரண்டு அவர்.
குப்பை லொறி எந்தப் பக்கம் என்பதில்தான் இழுபறி.
அதுவரை குப்பையை மான்கள் பொறுப்பெடுத்தன.
சந்தைக்குப் பின்னால்
மானும் நாயும் காகமும்.
நிபந்தனையற்ற ஆதரவு.

இதை இப்படி எழுதியிருக்கிறேன்.
பெயர் போடவில்லை.

ஒருமுறை போட்டேன்.
கடற்கரைக் காணி பற்றி ஆறே வரி.
மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள்.
நல்ல மரியாதை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.
அப்பாவின் பெயர்.
தம்பி எந்த நாட்டில்.
இந்தக் கணினிக்கு ஆர் காசு தந்தது.
தண்ணீர் கேட்டார்கள், செம்போடு கொடுத்தேன்.
ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை.
நாற்பது நிமிடம் இருக்கும்.
தட்டச்சினால் அரைப் பக்கம் தேறாது.
'ம்', 'வந்து' எல்லாம் கழித்தால்
ஓம். இல்லை. ஓம்.

விடிய மூன்று மணி.
முதல் கோப்பின் வால் மட்டும் மிச்சம்.
கூட்டம் கலைகிறது, கதிரைகள் இழுபடுகின்றன.
ஒலிவாங்கி அணையாதது தெரியாமல்
முன்னாள் அமைச்சர் பக்கத்தில் இருப்பவரிடம்
மெல்ல ஏதோ சொல்கிறார்.

எட்டுத் தரம் கேட்டேன்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்து முடியும்வரை பொறுத்து
இன்னொரு தரம்.

'விளங்கவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு
அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் தரமே விளங்கிவிட்டது.